அந்தோனியாருக்கு நேர்ந்த சீனக் குடிநீர்

பொதியைக் கொண்டுவந்து தந்தவர் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் சீனப் பெண்மணி. கியூபெக்கில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்கிற பகுதியில் நாங்கள் இருப்பது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குடும்பங்கள் இருக்கக் கட்டிய பழைய வீடு. மேலே நானும் மனைவியும், கீழே அவர் தனியாக. கன வருடப் பழக்கம். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்புத்தான். நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் பனி தள்ளுவது, குப்பை வைக்கிற நாள், தக்காளிக் கன்று என்று எங்களுக்குள் பேசாத சங்கதி இல்லை.

அப்போது என் மனைவிக்கு மார்பில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, கிழமைக்கு ஒரு தடவை கீமோ ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முதல்நாள் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை அணு போதிய அளவு இருந்தால்தான் மருந்து. குறைந்திருந்தால், போய் வாருங்கள், அடுத்த கிழமை பார்ப்போம் என்பார்கள். இந்தா முடியப்போகிறது என்று நாங்கள் மூச்சு விடுகிற நேரத்தில் ஒரு தடவை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற பேருந்தில் மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் தரிப்பிடம் நெருங்கும்போது சொன்னாள்:

"இன்னொருக்காத் தள்ளிவைச்சினம் எண்டால் நான் போகமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன். கேக்குதோ?"

"கேக்குது."

"கேட்டிட்டுச் சும்மா தலையாட்டாதேங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

அது எனக்குத் தெரியும். ஒரு கடைக்காரன் பழுதான மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்பதற்காக இன்றுவரைக்கும் அந்தத் தெருப்பக்கம் கால் வைக்காதவள் அவள். களைத்துப்போயிருந்தாள். சோறு இறங்கவில்லை. வாயில் வைப்பதெல்லாம் தகரத்தை நக்கினதுபோல இருக்கிறது என்றாள். அவள் சிகிச்சையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடிய ஒரே யோசனை. நான் படிப்பு அதிகம் இல்லாதவன். வெதுப்பகம் ஒன்றில் பாண் பொதி செய்கிற வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செபமாலை உருட்டுவதும் ஆஸ்பத்திரி சொல்வதைக் கேட்பதும்தான்.

கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தது அப்படியான ஒரு சனிக்கிழமை. மெட்ரோ எடுத்துச் சீனக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்ததாகச் சொல்லிக் காகிதப் பொதியை மேசையில் பிரித்தார். தொண்டை பார்க்க வைத்தியர் நாக்கை அமத்துகிற குச்சிபோல மஞ்சளாய்ச் சீவிய வேர். காய்ந்த சிவப்புப் பழங்கள். பிறகு ஒரு கைப்பிடி மெல்லிய காய்ந்த புல்லு.

"என் அக்கா," என்றார். "சீனா. இதே வருத்தம், இதே இடம். ஆஸ்பத்திரி மருந்து ஏற்ற, அக்கா இது குடிக்க. வெள்ளை இரத்தம் ஏற. இப்போ அக்கா பூங்காவில் தினம் நடனம்."

சொன்னதோடு நிற்காமல், எங்கள் குசினியில் அந்த நடனத்தையும் கொஞ்சம் ஆடிக் காட்டினார். மனைவி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்புத்தான். ஆனால் கன நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நான் அந்தப் புல்லை எடுத்து மணந்து பார்த்தேன். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் பற்படாகமும் போட்டுக் குடிநீர் அவிப்போம். அந்தப் பற்படாகம் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். மணமும் கிட்டத்தட்ட அதுதான். எங்கோ சீனாவில் பிடுங்கிக் கட்டின புல்லு எங்கள் வீட்டுப் பற்படாகத்துக்குச் சொந்தக்காரன்போல இருந்தபடியால், இது ஆண்டவர் அனுப்பினதுதான் என்று எனக்கு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது.

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபம் சொல்கிற நவநாள் தொடங்குகிற நேரம் அது. அன்று மாலை பொதியை மாதா சுருவத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று வாய்விட்டே நேர்த்தி நேர்ந்தேன்: "அந்தோனியாரே, நவநாள் முழுக்க இவவுக்கு இந்தக் குடிநீரை அவிச்சுக் குடுக்கிறன். இவவின்ர இரத்தம் ஏறோணும். மருந்து தள்ளிப் போகக்கூடாது."

பின்னால் கதிரையில் இருந்த மனைவி கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, ஆரைக் கேட்டு நேர்ந்தனீங்கள்?"

"அந்தோனியாரிட்டைத்தானே நேர்ந்தனான்."

"அவரிட்டை நேர்ந்தது சரி. வாய் என்ரை எல்லோ?"

எனக்கு அதில் பிழை தெரியவில்லை. எங்கள் ஆட்கள் மற்றவருடைய உடம்பை வைத்து நேருவது புதினமில்லை. பிள்ளைக்குச் சுகமானால் பிள்ளையின் தலையை மொட்டையடிப்போம். பிள்ளையின் எடைக்குச் சீனி நிறுத்துக் கோயிலுக்குக் கொடுப்போம். நான் மன்னாரில் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, என் அம்மா எனக்குக் காய்ச்சல் மாறவேண்டும் என்று நேர்ந்து, என்னை ஒரு வருடம் முழுக்கப் பாதிரியார்மாதிரி அங்கி போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினவர். என்னை ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை. நானும் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதனால் மனைவியைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"நான் குடிக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை," என்றாள் அவள். "முதல் ஆஸ்பத்திரியில கேளுங்கோ. கேட்டிட்டுத் தாங்கோ."

மறுநாள் ரொக்ஸ்பரோவில் இருக்கும் மகள் வந்தாள். அவள் கைத்தொலைபேசியில் ஏற்கனவே எல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள். "அப்பா, இந்த வேரைப் பற்றியும் புல்லைப் பற்றியும் நிறைய ஆராய்ச்சி இருக்கு. கான்சர் செல்லைக் கொல்லுதாம் எண்டு போட்டிருக்கு," என்றாள். நான் மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். "ஆனா சிலதில கீமோவோட சேர்க்காதேங்கோ எண்டும் போட்டிருக்கு," என்றாள். இப்போது மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீமோ மருந்துகளைக் கலந்து கொடுக்கும் இடத்தில் ஒரு மருந்தாளர் இருக்கிறார், நடுத்தர வயதுப் பெண். அவருக்கு முன்னால் பொதியைப் பிரித்து வைத்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொதிக் காகிதத்தில் சீன எழுத்தில் இருந்த பெயர்களைத் தன் கணினியில் தேடினார். பிறகு மகளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார், மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தச் செடிகளை உலகத்தில் நிறையப்பேர் ஆராய்கிறார்கள், அது பொய்யில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுக் கலங்களை இவற்றின் சாறு கொல்வதைக் கண்டிருக்கிறார்கள். எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். "ஆனால் தட்டில் கல்லீரல் இல்லை," என்றார். "தட்டில் இருதயம் இல்லை. உங்கள் மனைவியும் தட்டில் இல்லை." உடம்புக்குள் போன கீமோ மருந்தைக் கல்லீரல்தான் கழுவி வெளியே அனுப்புகிறது. இந்தக் குடிநீர் அந்தக் கழுவலைக் கெதியாக்கினால் மருந்து வேலை செய்யமுதல் போய்விடும். தாமதமாக்கினால் மருந்து உடம்பில் தேங்கி நஞ்சாகும். எது நடக்கும் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே சிகிச்சை முடியும்வரை வேண்டாம்.

"அப்ப இதில சக்தி இல்லையெண்டு சொல்லுறாவோ?" என்று மகளிடம் கேட்டேன். மகள் அதை அப்படியே கேட்டாள்.

மருந்தாளர் இல்லையென்று தலையசைத்தார். "சக்தி இல்லையென்றால், குடியுங்கள் என்று விட்டிருப்பேன். சக்தி இருக்கலாம் என்பதால்தான் மறிக்கிறேன்," என்றார்.

எனக்கு அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. பொதியைக் குப்பையில் போடுகிற பார்வை அவரிடம் இருக்கவில்லை. அவரே இன்னும் ஒன்றும் சொன்னார். என் மனைவிக்கு ஏற்றுகிற மருந்தே ஒரு மரத்திலிருந்து வந்ததுதானாம். இங்கே வீடுகளுக்கு முன்னால் வேலிபோல வெட்டி வளர்க்கிறார்களே, ஊசி ஊசியான பச்சை இலையும் சின்னச் சிவப்புப் பழமுமாக, அந்தச் செடியின் இனத்தில் பசிபிக் கரையோரம் வளரும் ஒரு மரம். அதன் பட்டையில்தான் முதலில் இந்த மருந்தைக் கண்டுபிடித்தார்களாம். "ஆனால் வேலியைக் கடித்துப் பார்க்கவேண்டாம், அது நல்ல நஞ்சு," என்று என்னைப் பார்த்தே சொன்னார். நான் அப்படிப்பட்ட ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. சீனாவில் ஒரு மரத்திலிருந்தும் குடல் புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருக்கிறார்களாம். பிறகு பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுகிற ஒரு பூச்செடியின் படத்தையும் காட்டினார்.

மனைவி படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்கட பட்டிப்பூ எல்லோ. சேமக்காலை முழுக்க இதுதானே நிக்கும்."

"ஓம், அதேதான்," என்றேன். எங்கள் ஊரில் கல்லறைகளுக்கு நடுவில் ஊதாவும் வெள்ளையுமாய் ஒருவரும் தண்ணீர் விடாமலே பூத்து நிற்கும்.

"நல்ல சனம் நாங்கள்," என்றாள் மனைவி. "சேமக்காலைக்குப் போகவிடாமல் மறிக்கிற பூவைச் சேமக்காலைக்குள்ளயே நட்டு வைச்சிருக்கிறம்."

மகள் அதை மொழிபெயர்த்தபோது மருந்தாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

சிரித்துச் சிரித்து வெளியே வந்தாலும், தாழ்வாரத்திலேயே எனக்கு அந்தோனியாரின் ஞாபகம் வந்தது. நேர்த்தி என்ன ஆவது? குடிநீர் கொடுப்பேன் என்று அந்தோனியாருக்குச் சொல்லிவிட்டேன். கொடுக்காமல் விட்டால் நேர்த்தி முறிந்துபோகும். முறிந்த நேர்த்தி யார்மேல் விழும்? அவள் இரத்தத்தின்மேல்தானே. இதை மகளிடம் சொன்னேன்.

"அப்பா, அந்தோனியார் என்ன வட்டிக்குக் காசு குடுக்கிறவரா?" என்றாள் மகள்.

பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் என் பயம் எனக்கு உண்மையானது.  மனைவிக்கும் அது தெரிந்தது. அடுத்த நாள் மாலை நவநாள் செபத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

செபம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு பங்குப் பாதிரியாரான சுவாமியைப் பிடித்தோம். எங்கள் பங்கில் இருக்கும் தமிழ்ச் சுவாமி வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் முழுக் கதையையும் சொன்னேன், பற்படாகத்திலிருந்து கல்லீரல்வரை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்," என்றார். "அதை மீறிக் குடுத்தீங்களெண்டால், அதுதான் பிழை. நேர்த்தியைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. நல்ல மனசோட நேர்ந்தனீங்கள், செய்ய ஏலாமல் போச்சு. நான் அதை வேறயா மாத்தித் தரலாம். பங்குச் சுவாமிக்கு அந்த அதிகாரம் இருக்கு. அதுக்குப் பதிலா என்ன செய்யப்போறீங்கள்? ஒருநேரச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கிறீங்களோ? இல்லாட்டி ஏழை ஆருக்கும் சாப்பாடு?"

நான் யோசிக்குமுதல் மனைவி கோயில் வாங்கில் இருந்தபடி சொன்னாள்:

"சுவாமி, நேர்ந்தவர் அவர். அவர் குடிக்கட்டும்."

சுவாமி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை நேராக வைத்திருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"கசப்போ?" என்று கேட்டார்.

"தெரியாது சுவாமி. மணத்தைப் பார்த்தால் கசப்பாத்தான் இருக்கும்."

"அப்ப நல்ல ஒறுத்தல்தான். நீங்கள் குளிசை ஏதும் போடுறீங்களோ? போட்டால், முதல் உங்கட மருந்தாளரைக் கேளுங்கோ. ஓமெண்டால் குடியுங்கோ. குடிக்கேக்குள்ள இவவுக்காக ஒப்புக்கொடுங்கோ." சொல்லிவிட்டு, நேர்த்தியை மாற்றித் தந்து, இருவர் தலையிலும் கைவைத்துச் செபித்தார். அந்தச் செபத்தின் நடுவிலேயே மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் இருக்கும் மருந்துக்கடையில் என் மருந்துப் பதிவைப் பார்த்து, குளிசை எதுவும் எடுப்பதில்லை என்பதால் சில நாட்களுக்குப் பிரச்சினை வராது, வயிற்றைக் கலக்கினால் நிறுத்துங்கள் என்றார்கள். ஆக, எனக்குத் தப்ப வழியில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்குள் அவிக்க முடியாது. மணம் மனைவிக்குக் குமட்டும். பின்பக்கத்துப் பல்கனியில் மின்சார அடுப்பை வைத்து, எங்கள் முறைப்படி நிறையத் தண்ணீர் விட்டு, கொஞ்சமாய் வற்றும்வரை காய்ச்சினேன். குடிநீர் என்றால் எனக்குத் தெரிந்த முறை அதுதான். எதிர்ப்பக்கப் பல்கனியில் பியர் குடித்துக்கொண்டிருந்த கியூபெக் கிழவர் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"முசியு, டயர் எரிக்கிறீரா?"

"இல்லை. மருந்து. மனைவிக்கு."

"பாவம். இதையா குடிக்கப்போகிறார்?"

"இல்லை. நான் குடிக்கப்போகிறேன்."

 போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கலியாணம் என்றால் அதுதான்."

அன்றைக்குக் குடித்ததை எப்படிச் சொல்வது? கறுப்பாய், தடிப்பாய், தாரைக் கரைத்ததுபோல இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தோனியாரே, இவவுக்காக," என்று ஊற்றினேன். மனைவி குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிக்கத் தொடங்கி, கதிரையைத் தேடி இருந்து சிரித்து, "ஐயோ மாதாவே, எனக்கு வயிறு நோகுது," என்று கையால் என்னை மறித்தாள். சத்தம் கீழே கேட்டிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அவருக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். காசு செலவழித்து அன்போடு வாங்கி வந்தவர். மருந்தாளர் மறித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. "ஆஸ்பத்திரி சொல்ல, நல்லது," என்றார். "அக்காவும் அங்கே ஆஸ்பத்திரி கேட்க, பிறகு குடிக்க." அப்புறம் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கிடந்ததை விரலால் தொட்டு நக்கினார். அவருடைய கண் விரிந்தது.

"முசியு, இது என்ன?"

"நீங்கள் தந்தது. நல்லா வற்றக் காய்ச்சினேன்."

"எவ்வளவு பொருள் போட?"

"எல்லாம்."

கிழமைக் கணக்கில் குடிக்கவேண்டியதை நான் ஒரே சட்டியில் போட்டு ஒரே கோப்பைக்குள் இறக்கியிருக்கிறேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மனைவி அப்போதுதான் சிரித்து ஓய்ந்திருந்தாள், மறுபடி தொடங்கினாள். அதற்குப் பிறகு இருவருமாய்ச் சேர்ந்து சிரித்ததை நிறுத்த என்னால் முடியவில்லை. அன்று இரவு என் வயிறு என்னை நித்திரை கொள்ள விடவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அளவு மிஞ்சினதால்தான் அப்படி, இனி அளவாய்க் குடிக்கலாம் என்று மறுநாள் மருந்துக்கடையில் சொன்னார்கள்.

மறுநாள் அவர் புதுப்பொதியும் தன்னுடைய மண்சட்டியும் கொண்டுவந்தார். இம்முறை கொஞ்சமாய் எடுத்து ஊற வைத்து, மெல்லிய தீயில் காய்ச்சி வடித்து, அதே சக்கையை இன்னொருதரம் காய்ச்சி இரண்டையும் கலந்தார். பழுப்பாய், தேத்தண்ணிபோல வந்தது. கசப்புத்தான், ஆனால் மனிதர் குடிக்கக்கூடிய கசப்பு. குடித்து முடிந்ததும் சிவப்பாய்ப் புளிப்பாய் வட்ட வட்டமான ஒரு இனிப்பைக் கையில் தந்தார். கசப்பு மருந்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டில் அதற்குப் பனங்கட்டி. மனைவி போத்தலில் ஒளித்து வைத்திருந்த பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து அவருக்குக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சூப்பினார்.

நவநாளின் மிச்ச நாள் முழுக்க எங்கள் வீட்டில் பின்னேரம் என்றால் கூத்துத்தான். நான் கோப்பையோடு பல்கனியில் நிற்பேன். கதவுக்கு உள்ளே இரண்டு பெண்களும் கதிரை போட்டு இருப்பார்கள். எதிர்வீட்டுக் கிழவர் பியரைத் தூக்கி எனக்கு வாழ்த்துச் சொல்லுவார். நான் செபத்தைச் சொல்லிக் குடிப்பேன். மனைவி, "முகத்தைச் சுளிச்சால் அந்தோனியார் ஏற்கமாட்டார், திரும்பக் குடியுங்கோ," என்பாள்.

ஒருநாள், மருந்தாளர் சொன்ன அந்தச் சீன மரத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டேன். மகள் எழுதித் தந்த பெயரைக் காட்டியதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தங்கள் ஊர் வீதியோரத்தில் நிழலுக்கு நிற்குமாம். "எங்கள் மொழியில் அதற்குப் பெயர், சந்தோச மரம்," என்றார்.

"பாருங்கோ," என்றாள் மனைவி. "அங்கை சந்தோசத்தை வடிச்சு ஏத்துகினம். எங்கட ஆள் என்னெண்டால் தாரை வடிச்சுக் குடிக்கிறார்."

அவர் வருகிறபோதெல்லாம் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் கொண்டுவருவார். அரிசி தெரியாமல் கரையக் காய்ச்சின வெள்ளைக் கஞ்சி, மேலே இஞ்சி கொஞ்சம், கோழியிறைச்சி கொஞ்சம். இது சாப்பாடுதான், மருந்தில்லை, தாராளமாய்க் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதலில் இரண்டு கரண்டி. பிறகு அரைக் கிண்ணம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தனக்குத் தெரியாமலே அவள் கிண்ணத்தைக் காலியாக்கியதை நான் கண்டேன். கண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. காலையில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். இந்தமுறை பதிலைப் பின்னேரம் தொலைபேசியிலேயே சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று வீட்டில் சிரிப்பில்லை. மனைவி கட்டிலில் படுத்திருந்தாள், நித்திரையில்லை. நான் பல்கனியில் சட்டிக்குப் பக்கத்தில் நின்று செபமாலையின் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அடுத்த மணிக்குப் போக மறந்துவிட்டது. போன தடவை அவள் பேருந்தில் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டது. இன்றைக்கும் குறைவு என்றால் அவளைச் சம்மதிக்க வைக்க என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

தொலைபேசி மணி அடித்தது. நான் உள்ளே போகுமுதல் அவளே எடுத்துவிட்டாள். தாதி பிரெஞ்சில் என்னவோ நீளமாய்ச் சொல்வது கேட்டது. மனைவி, "வி... வி..." என்றாள். பிரெஞ்சில் ஓம் என்பதற்கு அதுதான். பிறகு, "மெர்சி, மதாம். ஆ டெமா," என்றாள்.

நாளைக்குச் சந்திப்போம் என்று அர்த்தம். அதுவரைக்கும் நான் படித்த பிரெஞ்சிலேயே மிக அழகான வார்த்தை அதுதான்.

அவள் பல்கனிக் கதவுக்கு வந்தாள். "வரட்டாம். இந்தமுறை வெள்ளை அணு நல்லா இருக்காம். நாளையோட கீமோ கடைசி."

 கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தேன். கோப்பையில் ஊற்றி வைத்திருந்ததைத் தொட்டியில் கவிழ்க்கப் போனேன்.

"என்ன செய்யுறீங்கள்?"

"இனி என்னத்துக்கு? அந்தோனியார் தந்திட்டாரே."

"நவநாள் நாளையும் இருக்கு. தந்தவுடனே கடையைப் பூட்டுறதோ? குடியுங்கோ."

குடித்தேன். அது அதிசயமாய் இனித்தது என்று எழுத எனக்கு ஆசைதான். முந்தின நாட்களில் எப்படிக் கசந்ததோ அப்படியே கசந்தது. ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் சாய்கதிரையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மேலே தொங்கிய பையிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கியது. அவளுடைய இரத்தம் எதனால் ஏறியது என்று எனக்குத் தெரியாது. கஞ்சியாலா, ஓய்வாலா, சிரிப்பாலா? நான் குடித்தது அவளுக்கு எப்படிப் போகும் என்று மகள் கேட்கிறாள். மருந்தாளரைக் கேட்டால், சில கிழமைகளில் இரத்தம் தானாகவே ஏறும் என்பார். நான் அவரோடு வாதாடப் போவதில்லை. அவர் படித்தவர், எங்களைக் காத்தவர். ஆனால் ஆண்டவர் ஒரு மரப்பட்டைக்குள் மருந்தை வைத்து, அதை எடுக்க ஒருவருக்கு மூளையை வைத்து, கீழ்வீட்டில் ஒரு மனிதரைக் குடியமர்த்தி வைக்கிறார் என்றால், அதில் எந்தப் பகுதி அவருடையது, எந்தப் பகுதி அவருடையதில்லை என்று பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்புக் காணாது. எல்லாருக்கும் வரிசையாய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"என்ன முணுமுணுக்கிறீங்கள்?"

"நன்றி சொல்லுறன்."

"மெல்லமாச் சொல்லுங்கோ. பக்கத்துக் கதிரைக்காரி நித்திரை."